நகச்சொத்தைக்கு நகத்தைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

நகச்சொத்தை எனப்படும் நகப் பூஞ்சைத் தொற்று குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் தோல் மருத்துவர் பதிலளிக்கிறார். வந்த கடிதங்கள் பெரும்பாலானவற்றில் 'நகத்தை எடுத்துவிட வேண்டியிருக்குமோ' என்ற அச்சம் ஏதோ ஒரு வரியில் தென்பட்டதால், அறுவை இல்லாத சிகிச்சைகளைப் பற்றிய கேள்விகளையே தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 52. வலது கால் பெருவிரல் நகம் மூன்று ஆண்டுகளாக மஞ்சளாகித் தடித்துக்கொண்டே வருகிறது. வெட்டும்போது ஓரம் மாவு போல உதிர்கிறது. வலி இல்லை. நகத்தை முழுதாகப் பிடுங்கி எடுத்தால்தான் இது போகும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். உண்மையா?

பதில்: பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் உறவினர் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது வழக்கத்தில் இருந்த வைத்தியம்தான். விழுங்கினால் நகம்வரை போய்ச் சேரக்கூடிய முதல் பூஞ்சைக்கொல்லி மாத்திரையான கிரிசியோஃபுல்வின் 1950களின் இறுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதையும் கால் நகத்துக்காக ஓர் ஆண்டுக்கும் மேல் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட்டும் பலருக்குப் போகவில்லை. வேறு வழி தெரியாத அந்த நாட்களில் நகத்தை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. 1990களில் டெர்பினாஃபின், இட்ராகோனசோல் ஆகிய மாத்திரைகள் வந்த பிறகு அந்தத் தேவை ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது.

பிடுங்குவதால் ஏன் முழுப் பயன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, பூஞ்சை எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பது போன்ற தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் டிரைகோஃபைட்டன் ரூப்ரம் என்னும் பூஞ்சை. அது தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. முதலில் விரலிடுக்கிலோ உள்ளங்காலிலோ சேற்றுப்புண்ணாகத் தொடங்கி, அங்கிருந்து நகத்தின் நுனிக்கோ பக்கவாட்டு ஓரத்துக்கோ அடியில் நுழைந்து, நகத்துக்கும் அதன் கீழுள்ள சதைப்படுகைக்கும் இடையில் மெல்ல மெல்லப் பின்னோக்கி, அதாவது நகம் முளைக்கும் வேரை நோக்கி நகர்கிறது. நகத்தை மட்டும் பிடுங்கினால் படுகையில் ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கும்; புதிதாக முளைக்கும் நகத்தில் அது மறுபடி ஏறிக்கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்து முடிய 12 முதல் 18 மாதங்கள் ஆகும். அத்தனை மாதம் மேலே நகம் என்ற மூடி இல்லாமல் நடந்தால், விரல் நுனிச் சதை மேல்நோக்கி எழும்பி, வளர்ந்து வரும் நகத்துக்குக் குறுக்கே அணை போட்டதுபோல் நின்றுவிடுவதுண்டு. அப்போது நகம் சதைக்குள் குத்திக்கொண்டு வளரும். வலியே இல்லாத ஒரு நோய்க்கு வைத்தியம் பார்க்கப் போய் வலியை வாங்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது நகத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பது. எந்த மாத்திரை, எந்தப் பூச்சு என்பதெல்லாம் அதற்குப் பிறகு முடிவு செய்ய வேண்டியவை.

கேள்வி: பார்த்த உடனேயே பூஞ்சை என்று தெரிகிறதே, அதற்கு எதற்குப் பரிசோதனை? என் நகத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்து 'பூஞ்சை இல்லை' என்று முடிவு வந்திருக்கிறது. நகமோ அப்படியேதான் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: பார்த்த உடனே தெரிகிறது என்பதை நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், கைவிரல் நகங்கள் தடித்து மஞ்சளாகிப் படுகையிலிருந்து விலகியிருந்த ஒரு பெண்மணிக்குப் பரிசோதனை எதுவும் செய்யாமல் பூஞ்சை மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் மாற்றம் இல்லை என்றதும் நீட்டித்தேன். நான்காவது முறை வந்தபோது, கைப்பையை எடுக்க அவர் முழங்கையை மடக்கினார். அங்கே வெள்ளிச் செதில் படிந்த சிவந்த திட்டு ஒன்று தெரிந்தது. அவருக்கு இருந்தது பூஞ்சையன்று, சொரியாசிஸ் என்னும் தோல்நோய். தேவையே இல்லாத மாத்திரையை மாதக்கணக்கில் அவர் விழுங்கியதற்கு நான் காரணம். அந்த வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு பரிசோதனை செய்யாமல் நகச்சொத்தைக்கு நான் மாத்திரை எழுதியதில்லை.

உருக்குலைந்து மருத்துவரிடம் வரும் நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வந்தவை. இறுக்கமான காலணி நாளெல்லாம் நகத்தில் இடிப்பது, சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ் என்னும் தோல்நோய், முதுமையில் ரத்த ஓட்டம் குறைவது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். நகத்தின் நீளவாக்கில் புதிதாக ஒரு கரும்பட்டை தோன்றி அகன்றுகொண்டே போனாலோ, கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் பரவினாலோ அது நகத்தடிப் புற்றாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதைப் பூஞ்சை என்று எண்ணிப் பூச்சு தடவிக்கொண்டு காலத்தைக் கடத்தவே கூடாது.

இனி உங்கள் முடிவைப் பற்றி. சுரண்டிய துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் பரிசோதனை. கரைசல் நகத்தைக் கரைத்துவிட, பூஞ்சை இழைகள் மட்டும் கிளைவிட்ட நூல்போலத் தெரியும். எளிய முறை, உடனே முடிவு கிடைத்துவிடும். ஆனால் இருக்கும் பூஞ்சையைத் தவறவிடுவதும் அதிகம். காரணம் பெரும்பாலும் துகள் எடுக்கப்பட்ட இடம்தான். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் நகத்தை வெட்டிக் கொடுத்தால் அதில் இருப்பது பூஞ்சையின் பழைய, செத்த பகுதி. உயிருள்ள பூஞ்சை, கெட்ட நகமும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. உதிரும் முனையை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, நகத்தடியில் எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளேயிருந்து அந்த மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். பரிசோதனைக்கு முன் சில வாரங்களாகப் பூஞ்சைக் களிம்பு தடவிவந்திருந்தாலும் முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரும்.

எனவே, ஒரு முறை 'இல்லை' என்று வந்ததை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். களிம்பைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள். இம்முறை, வெட்டிய நகத்துண்டைச் சாயமேற்றிப் பார்க்கும் திசுப் பரிசோதனையையும் கேளுங்கள். நுண்ணோக்கி தவறவிடுவதை அது பல நேரம் பிடித்துவிடும். எந்த வகைப் பூஞ்சை என்று அறியும் வளர்ப்புப் பரிசோதனைக்குச் சில வாரங்கள் ஆகும். பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை வசதி உள்ள இடத்தில் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். நகச்சொத்தை அவசர நோயன்று. இதற்காக ஒரு மாதம் காத்திருப்பதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

கேள்வி: பரிசோதனையில் பூஞ்சை உறுதியாகி, டெர்பினாஃபின் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு நகத்துக்காக இந்த ஆபத்து தேவையா?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. இதற்குப் பொதுவான ஒரே பதில் கிடையாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகத்தில் பரவிவிட்ட பூஞ்சைக்கு இன்றுள்ள மருந்துகளில் அதிகப் பலன் தருவது டெர்பினாஃபின்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். கால் நகத்துக்காக 12 வாரம் சாப்பிட்டவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு, ஓர் ஆண்டு நெருங்கும்போது நடத்திய பரிசோதனையில் பூஞ்சை இல்லை. பூஞ்சையும் போய் நகமும் பழையபடி முழுமையாகத் தெளிந்தவர்கள் சுமார் 38 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணையும் சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நெடுநாள் தடித்துக் கிடந்த நகம், பூஞ்சை ஒழிந்த பிறகும் சற்றே கோணலாகவோ தடிப்பாகவோ நின்றுவிடலாம். அதைச் சிகிச்சையின் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்லீரல் பாதிப்பு உண்மையிலேயே நேரக்கூடியது. ஆனால் மிக அரிது. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை. அது தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. சாப்பிடும் காலத்தில் காரணமில்லாத களைப்பு, பசியின்மை, குமட்டல், சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, உடம்பெங்கும் அரிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்த அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. மதுப் பழக்கம் இருந்தால் அந்த 12 வாரங்களுக்கு அதை ஒதுக்கிவையுங்கள்.

கல்லீரலைப் பற்றிய பேச்சில் மறைந்துபோகிற இன்னொரு பக்கவிளைவு, நாக்கில் ருசி மாறுவது அல்லது அற்றுப்போவது. மாத்திரையை நிறுத்திய பின் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாலும், சிலருக்கு நீண்ட நாள் நீடிக்கிறது. ருசி குறைவதாகத் தோன்றிய உடனே சொல்லிவிடுங்கள். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் இந்த மாத்திரை ஏற்றதன்று. மனச்சோர்வுக்கான சில மருந்துகள், மெட்டோப்ரோலால் போன்ற சில ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவற்றின் அளவை இது ரத்தத்தில் உயர்த்திவிடும் என்பதால், நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெர்பினாஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இட்ராகோனசோல் உண்டு. அதை மாதத்தில் ஒரு வாரம் மட்டும், நாளுக்கு இரு வேளை 200 மில்லிகிராம் வீதம் சாப்பிட்டுவிட்டு மூன்று வாரம் இடைவெளி விடும் முறை பரவலாக உள்ளது. கை நகத்துக்கு இப்படி இரண்டு சுற்று, கால் நகத்துக்கு மூன்று சுற்று. கேன்டிடா வகைப் பூஞ்சையாக இருந்தால் டெர்பினாஃபினைவிட இது நன்றாக வேலை செய்யும். இதய பலவீனம் உள்ளவர்கள் நகச்சொத்தைக்காக இட்ராகோனசோல் சாப்பிடவே கூடாது. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினோடும் இது சேரக் கூடாது. இதன் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை உடன் எடுத்தால் இது சரியாக உட்கிரகிக்கப்படாது. மூன்றாவது தெரிவு, வாரம் ஒரு முறை மட்டும் விழுங்கும் ஃப்ளூகோனசோல்; பலன் குறைவு, காலமும் அதிகம்; ஆனாலும் மற்ற இரண்டையும் கொடுக்க முடியாதபோது உதவுகிறது. கீட்டோகோனசோல் மாத்திரையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல்லீரலுக்கு அது விளைவிக்கும் கேட்டைக் கருதி, நகத் தொற்றுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்துவிட்டது.

'ஒரு நகத்துக்காக இது தேவையா' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கல்லீரல் நன்றாக இருந்து, நகத்தின் பாதிக்கு மேல் பரவியிருந்து, நடக்கையில் வலியோ பிறர் முன் காலைக் காட்டக் கூச்சமோ இருந்தால் மாத்திரை தகும் என்பேன். எந்தத் தொந்தரவும் இல்லாத, வயதான, பல மருந்துகள் சாப்பிடும் ஒருவர் 'இது இப்படியே இருக்கட்டும்' என்று முடிவு செய்தால், அதையும் ஒரு சரியான முடிவாகவே நான் மதிப்பேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. இதய பலவீனத்துக்காக நிறைய மாத்திரைகள் சாப்பிடுகிறார். இரண்டு கால் விரல் நகங்களின் நுனியில் மட்டும் மஞ்சள் படிந்திருக்கிறது. மேலே தடவும் மருந்து மட்டும் போதுமா? களிம்பு தடவி ஆறு மாதமாகியும் பலன் இல்லை.

பதில்: தோலில் படர்தாமரைக்குத் தடவும் சாதாரணக் களிம்பு நகத்தின் கடினமான தகட்டை ஊடுருவாது, ஆறு மாதமன்று, ஆறு ஆண்டுகள் தடவினாலும் மேலேயே நின்றுவிடும். நகத்துக்கென்றே செய்யப்பட்ட மருந்துப் பூச்சுகள் தனியே இருக்கின்றன. அலங்கார நகப்பூச்சு போலவே சிறு தூரிகையால் பூசிக் காயவைக்க வேண்டியவை அவை. அம்மாவுக்கு இருப்பதுபோல் ஓரிரு நகங்களில், நுனிப் பாதிக்குள் அடங்கிய, வேர்ப்பகுதியைத் தொடாத தொற்றுக்குத்தான் அவை ஏற்றவை. நகத்தின் மேற்பரப்பில் மட்டும் சுண்ணாம்புப் பொடி ஒட்டியதுபோல் வரும் வெண்ணிறத் தொற்றுக்கும் பொருந்தும்.

அமோரோல்ஃபின் 5 விழுக்காட்டுப் பூச்சை வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ பூசினால் போதும். சைக்ளோபிராக்ஸ் 8 விழுக்காட்டுப் பூச்சைத் தினமும், பழைய பூச்சின் மேலேயே பூசி, வாரம் ஒரு நாள் ஸ்பிரிட்டால் முழுதும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எதுவானாலும் கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம் விடாமல் செய்ய வேண்டும். எஃபினகோனசோல், டாவபோரோல் என்ற இரு திரவ மருந்துகள் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கிடைக்கும் இடங்களில் அவற்றையும் பயன்படுத்தலாம். பலனைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓராண்டு பூசியவர்களில் நகம் முழுதாகத் தெளிந்தவர்கள் சைக்ளோபிராக்ஸில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. எஃபினகோனசோலில் 15 முதல் 18 வரை. தொடக்க நிலையில் பிடித்து, நகத்தை மெலிதாகத் தேய்த்துக்கொண்டே பூசுகிறவர்களிடம் இதைவிடக் கூடுதலான பலனை நான் கண்டிருக்கிறேன்.

தேய்ப்பதைப் பலர் செய்வதில்லை. பூச்சு பூசும் நாளில் முதலில் நகத்தைக் குட்டையாக வெட்டி, படுகையிலிருந்து விலகி நிற்கும் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, மேற்பரப்பை அரத்தால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நகத்தின் முழுப் பரப்பிலும், நுனிக்கு அடியிலும் பூச வேண்டும். அந்த அரம் நோயுற்ற நகங்களுக்கு மட்டும்தான். அதை நல்ல நகத்தில் வைக்கக் கூடாது. அம்மாவால் குனிந்து செய்ய இயலாதென்றால், வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு நீங்களே செய்துவிடுங்கள். அந்த வகையில் வாரம் ஒரு முறை பூசும் அமோரோல்ஃபின் உங்களுக்கு வசதியாக இருக்கும். அலங்காரப் பூச்சை இந்தக் காலத்தில் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் நகம் நகவெட்டிக்குள்ளேயே நுழையாத அளவுக்குத் தடித்துவிட்டது. எந்த மருந்தும் உள்ளே போகாது என்கிறார்கள். அறுவை செய்யாமல் தடிப்பைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். நகத்தின் தடிப்பு 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் பூச்சு மட்டுமன்றி மாத்திரையும் சரியாக எட்டாது. நகத்துக்குள் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ ஒரு பட்டை ஓடினால், பூஞ்சை அங்கே கட்டியாகத் திரண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் திரளுக்குள் மருந்து புகாது. அந்தப் பகுதியை எப்படியாவது அகற்றியாக வேண்டும். அதற்குத்தான் 40 விழுக்காடு யூரியா கலந்த களிம்பு இருக்கிறது. யூரியா நகத்தை ஊறவைத்து மென்மையாக்கும். அதிலும், பூஞ்சையால் கெட்டுப்போன பகுதியை ஊறவைக்கும் அளவுக்கு நல்ல நகத்தை அது தொடுவதில்லை என்பதால், நாம் வெட்ட வேண்டிய இடத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

செய்முறையைச் சொல்கிறேன், முதல் தடவை மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தைச் சுற்றியுள்ள தோல் முழுவதிலும் வாசலின் தடவி, அதன் மேல் ஒட்டுப்பட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நகம் மட்டும் சன்னல் வழியே தெரிவதுபோல் ஒட்டுங்கள். நகத்தின் மேல் களிம்பைத் தடிமனாக அப்புங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, காற்றுப் புகாதபடி ஒட்டுப்பட்டையால் கட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் கட்டைப் பிரித்து, வெந்நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருந்துவிட்டு, மழுங்கிய கருவியால் மெல்லச் சுரண்டினால், ஊறிய நகம் ஈரச் சீலை போலச் சுருண்டு வரும். வருவதை மட்டும் எடுங்கள். வராததை இழுக்காதீர்கள், மறுநாள் தானே வரும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள், கெட்ட பகுதி பெரும்பாலும் ரத்தமோ வலியோ இல்லாமல் போய்விடும். பைஃபோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு யூரியாவைச் சேர்த்து ஒரே களிம்பாகத் தருவதும் உண்டு. இப்படி நகம் மெலிந்த பிறகு பூச்சையோ மாத்திரையையோ தொடங்கினால் பலன் கூடுகிறது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், காலில் ரத்த ஓட்டம் தடைப்பட்டவர்களும் இதை வீட்டில் செய்யக் கூடாது. சுரண்டும்போது சதை கிழிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. தடித்த நகம் விரலை அழுத்திப் புண்ணாக்கி, அந்தப் புண் காலையே பாதிக்கும் அபாயமும் அவர்களுக்கு இருக்கிறது. ஆதலால் நகச்சொத்தையை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாமல், பாத மருத்துவம் தெரிந்தவரிடம் நகத்தைத் தேய்த்துக்கொண்டு மருத்துவத்தை விரைவாகவே தொடங்க வேண்டும்.

கேள்வி: லேசர் மூலம் ஒரே அமர்வில் குணம் என்று விளம்பரம் பார்த்தேன். வினிகரில் ஊறவைப்பது, டீ ட்ரீ எண்ணெய் தடவுவது போன்றவையும் கைகொடுக்குமா?

பதில்: ஒரே அமர்வில் எந்த நகமும் தெளியாது. லேசர் அந்த நொடியிலேயே பூஞ்சையை முற்றாக அழித்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், நகம் வளர்ந்து வெளியேற ஓராண்டு ஆகும். 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் கருவிகளுக்கு அமெரிக்காவில் கிடைத்த அனுமதியின் வாசகமே 'நகத்தின் தெளிந்த பகுதி தற்காலிகமாகக் கூடுவதற்கு' என்பதுதான். பூஞ்சையைக் குணப்படுத்துவதாக அதில் இல்லை. மாத்திரை சாப்பிடவே முடியாதவர்களுக்குப் பூச்சோடு சேர்த்து ஒரு துணையாக முயலலாம். அதற்குமேல் நம்பிக்கையூட்ட என்னால் இயலவில்லை.

டீ ட்ரீ எண்ணெயை க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லித் திரவத்தோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1994-இல் வெளிவந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன என்று அதை மேற்கோள் காட்டுகிறவர்கள், பரிசோதனையில் பூஞ்சை ஒழிந்தவர்கள் இரண்டிலுமே மிகக் குறைவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வினிகருக்கு நம்பத்தகுந்த ஆய்வு ஆதாரம் கிடையாது. நீர்க்காத வினிகரில் தினமும் ஊறவைத்து, விரலிடுக்குத் தோல் வெந்துபோய் வந்தவர்கள் உண்டு. வெடித்த தோல் பூஞ்சைக்குத் திறந்த வாசல்.

கேள்வி: கருவுற்றிருக்கிறேன். இப்போது நகச்சொத்தைக்கு மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். குழந்தை பிறந்து, தாய்ப்பால் கொடுத்து முடியும்வரை தள்ளிப்போடுங்கள். அதுவரை நகத்தைக் குட்டையாக வெட்டித் தேய்த்துக்கொண்டு, கால்களை உலர்வாக வைத்திருந்தால் போதும்.

கேள்வி: மூன்று மாத மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டேன். நகத்தின் முக்கால் பாகம் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. மருந்து தோற்றுவிட்டதா? இன்னும் மூன்று மாதம் சாப்பிடலாமா?

பதில்: நீங்களாகத் தொடர வேண்டாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் தளர்ந்து, வேண்டாத மருந்துகளுக்குப் போகிறார்கள்.

மஞ்சளாகிப்போன நகம் மறுபடி வெளுக்காது. அது செத்த பொருள். வளர்ந்து, வெட்டுப்பட்டுத்தான் போக வேண்டும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கை நகம் அதைப்போல் இரு மடங்குக்கும் சற்று மேல். மூன்று மாதத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய புதிய நகம் நாலரை, ஐந்து மில்லிமீட்டர் மட்டுமே. அது நகத்தின் அடியில், தோல் மடிப்பை ஒட்டி இருக்கும். நல்ல வெளிச்சத்தில் காலை நீட்டி அங்கே பாருங்கள். கெட்டுப்போன பகுதிக்கும் அடித்தோலுக்கும் நடுவே, இளஞ்சிவப்பாக, மழமழப்பாக ஒரு பட்டை தெரிகிறதா? தெரிந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. டெர்பினாஃபின் நகத்துக்குள் சேர்ந்துகொண்டு, சாப்பிடுவதை நிறுத்திய பிறகும் பல மாதங்கள் அங்கேயே தங்கிப் பூஞ்சையைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

கண்ணளவை நம்பாமல் உறுதியாக அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே செய்துவிடுவேன். நல்ல நகம் முடிந்து கெட்ட நகம் தொடங்கும் இடத்தில் அரத்தின் ஓரத்தால் குறுக்கே ஆழமில்லாத ஒரு கோடு கீறுங்கள். நகம் வளர வளர அந்தக் கோடு நுனியை நோக்கி நகரும். மாதம் ஒரு முறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் முழுவதும் கோட்டுக்கு வெளியே, நுனிப் பக்கமே நின்றால், பொறுத்திருப்பதைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி வேர்ப் பக்கம் வந்துவிட்டால், பூஞ்சை இன்னும் உயிரோடு முன்னேறுகிறது என்று பொருள். அப்போது மறுபடி பரிசோதித்து, டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத வகையா, நகத்துள் திரள் இருக்கிறதா என்று பார்த்து மருத்துவத்தை மாற்ற வேண்டும். ஒரு நோயாளி மாதா மாதம் எடுத்த பதினான்கு படங்களை வரிசையாக என் மேசையில் அடுக்கினார். முதல் படத்தில் அடித்தோலை ஒட்டியிருந்த கோடு, பதிமூன்றாவதில் நுனிக்கு வந்து, பதினான்காவதில் நகவெட்டியோடு போயிருந்தது. நான்காவது மாதம் மருத்துவத்தைக் கைவிட நினைத்தவர் அவர்.

கேள்வி: ஒருமுறை முற்றிலும் குணமாகி, இரண்டாண்டுகளில் திரும்ப வந்துவிட்டது. இனி வராமல் எப்படித் தடுப்பது?

பதில்: திரும்ப வருவது இந்த நோயில் சாதாரணம்; உங்கள் கவனக்குறைவு என்று வருந்த வேண்டாம். பூஞ்சை திரும்பி வரும் வழி, பெரும்பாலும் அது முதலில் வந்த வழியேதான். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறியிருக்கிறதா, உள்ளங்கால் ஓரத்தில் மெல்லிய செதில் உரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே பூஞ்சைக் களிம்பைத் தடவுங்கள். தோல் சரியான பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். வீட்டில் வேறு யாருக்கேனும் சேற்றுப்புண்ணோ நகச்சொத்தையோ இருந்தால் அவர்களுக்கும் அதே சமயத்தில் மருத்துவம் பார்க்காமல் உங்களுக்கு மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

குளித்தபின் விரலிடுக்குகளைத் தனித்தனியே துடையுங்கள். ஒரே காலணியை அடுத்தடுத்த நாள் போடாமல், ஒரு நாளாவது உலரவிடுங்கள். காலுறையை வெந்நீரில் துவையுங்கள். பொதுக் குளியலறையிலும் நீச்சல் குளத்தின் ஓரத்திலும் செருப்போடு நடங்கள். நோய் இருந்த காலத்தில் போட்ட பழைய காலணிகளின் உள்ளே பூஞ்சை நெடுநாள் உயிரோடு இருக்கும். அவற்றை விட்டுவிட முடியாதென்றால் உள்ளே பூஞ்சைக்கொல்லிப் பொடி தூவுங்கள். உங்கள் நகவெட்டி உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

முன்பு தொற்றிய நகத்தில், தெளிந்த பிறகும் வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ மருந்துப் பூச்சு பூசிவருவது திரும்ப வருவதைத் தாமதப்படுத்துகிறது. மாதம் ஒரு நாள் நகவெட்டியோடு உட்காரும்போது நகத்தின் இரு ஓரங்களையும் நுனியின் அடியையும் பாருங்கள். அங்கே கடுகளவு மஞ்சள் தெரிந்தாலும், அது ஓரத்தோடு இருக்கும்போதே துகளைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவில் பிடித்துவிட்டால் மாத்திரை இல்லாமல் பூச்சோடு முடித்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.